வெளியூரில் வாய்த்த துணை

அமெரிக்காவின் தென்மேற்குக் கோடியில் உள்ள சான் டியாகோ நகரைக் கடந்து மெக்சிகோ எல்லைக்குள் கால் வைத்ததும் எதிர்ப்படும் டிஹுவானா, அமெரிக்காவில் அனுமதி கிடைக்காத சிகிச்சைகளைத் தேடிப் புற்றுநோயாளிகள் செல்லும் ஊராக 1960களிலிருந்து விளங்கிவருகிறது. ஹாரி ஹாக்ஸி என்பவர் விற்றுவந்த மூலிகைக் கஷாயம் 1960இல் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டபின், அவரிடம் செவிலியராக இருந்த மில்ட்ரெட் நெல்சன் 1963இல் டிஹுவானாவில் அதே சிகிச்சையைத் தொடர்ந்தார். ஏப்ரிகாட் பழக்கொட்டையின் பருப்பில் உள்ள அமிக்டலின் என்னும் பொருளைச் சார்ந்த லேட்ரைல் என்ற மருந்தை எர்னெஸ்டோ கோன்ட்ரெராஸ் என்ற மருத்துவர் அங்கே வழங்கிவந்தார். ஜெர்மனியில் பிறந்த மருத்துவர் மாக்ஸ் கெர்சன் வகுத்த முறையும், அதாவது உப்பில்லாத தாவர உணவு, நாளொன்றுக்கு 13 குவளை சாறு, காப்பி எனிமா ஆகியவை அடங்கிய முறையும், பின்னாளில் அங்கே இடம்பெற்றது. அறுவை, கதிர்வீச்சு, கீமோதெரபி ஆகியவற்றுக்குப் பதிலாக மேற்கொள்ளப்படுவதே மாற்றுச் சிகிச்சை என்பதையும், அவற்றோடு சேர்த்து மேற்கொள்ளப்படுவது துணைச் சிகிச்சை என்று தனியே வகைப்படுத்தப்படுகிறது என்பதையும் நேயர்கள் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்வது நல்லது.

இச்சிகிச்சைகளின் வரலாறு நெடியது. ஆயினும் அவற்றைத் தேடிச் சென்றவர்கள் அங்கே ஒருவரையொருவர் கண்டுகொண்ட விதமே அவ்வரலாற்றில் மனத்தை மிகுதியாகத் தொடும் பகுதி. வீட்டில் இருக்கும் நோயாளிக்குத் தம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் உறவினர் முன் அச்சத்தை மறைக்க வேண்டியிருக்கிறது; இன்றைக்குப் பசிக்கவில்லை என்று சொன்னால்கூட வீடே கலங்கிவிடும் என்பதால், அவர் பேசாமல் விழுங்கும் சொற்கள் ஏராளம். முன்பின் அறியாத ஊரில், அதே நோயோடு அதே மேசையில் உப்பில்லாத உணவை உண்ணும் இன்னொருவரிடம் அந்த மறைப்புக்குத் தேவை இல்லை. எந்த உறுப்பில் நோய், எங்கே பரவியது, ஊர் மருத்துவர் என்ன சொல்லி அனுப்பினார், கையிருப்பு எத்தனை நாளுக்குத் தாங்கும் என்பனவெல்லாம் முதல் சந்திப்பிலேயே பேசப்படுகின்றன. குமட்டலைத் தாங்கும் வழி, இரவில் உறக்கம் வராதபோது செய்யத்தக்கது, பிள்ளைகளிடம் நோயைப் பற்றிச் சொல்லும் முறை ஆகியவற்றில் மருத்துவரைவிடச் சக நோயாளி தெளிவாகப் பேசிவிடுவதும் உண்டு. துணைக்கு வந்த கணவரும் மனைவியும் பிள்ளைகளும் தமக்குள் வேறொரு வட்டமாகச் சேர்வதையும் இங்கே குறிப்பிட வேண்டும். நோயாளியிடம் காட்ட முடியாத கண்ணீரை அவர்கள் ஒருவரிடம் ஒருவர் காட்டிக்கொள்ளலாம்.

இந்தத் தோழமை ஓர் அமைப்பாகவே வளர்ந்த வரலாற்றை நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும். சான் டியாகோவில் ஆசிரியராக இருந்த செசில் ஹாஃப்மன் என்ற பெண்மணி, மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபின் நோய் மீண்டும் தலைதூக்கவே, லேட்ரைலைப் பற்றிப் படித்து, எல்லை கடந்து கோன்ட்ரெராஸிடம் அம்மருந்தைப் பெற்றார். தம்மைப் போன்றவர்கள் தனியாக அலையக்கூடாது என்று கருதி, புற்றுநோய்க்கு ஆளானோரும் அவர்களுடைய நண்பர்களும் சேர்ந்த பன்னாட்டுச் சங்கம் ஒன்றை 1963இல் நிறுவினார். முன்பே சென்றுவந்தவர் புதிதாகச் செல்பவருக்கு வழிசொல்லும் வாயிலாக அச்சங்கம் அமைந்தது. அவருடைய நம்பிக்கையிலும் உழைப்பிலும் ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும் அவர் தம் நோயின் பரவலாலேயே 1969இல் உயிரிழந்தார். அவர் மற்றவர்களுக்கு அளித்த துணை உண்மையானது. அவர் நம்பிய மருந்து அவரைக் காக்கவில்லை. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்வதே அவருக்குச் செய்யும் நியாயமாகும்.

நண்பர் ஒருவர் தேறிவருவதைக் கண்ணாரக் கண்டபின் அந்த மருந்தை ஐயுறுவது எப்படி என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். வெளியூரில் நட்பை விரைந்து வளர்க்கும் அதே தொலைவுதான் நோயின் முடிவைக் கண்ணிலிருந்து மறைக்கிறது என்பதே அதற்கு விடை. சில வாரங்கள் ஒன்றாக இருந்தவர்கள் பல மாநிலங்களுக்கும் நாடுகளுக்கும் பிரிந்துபோகிறார்கள். உடல்நிலை மோசமானவர் ஊர் திரும்பிவிட்டார் என்ற செய்தியோடு அவர் கதை நின்றுபோகிறது. நலமாக இருப்பவர் மட்டுமே மறுபடி வந்து, புதியவர்களிடம் தம் அனுபவத்தைக் கூறுகிறார். இவ்வாறு எஞ்சியோரின் குரல் மட்டுமே காதில் விழுவதால் உண்டாகும் பிழைக் கணிப்பை ஆய்வாளர்கள் எஞ்சியோர் சார்பு என்பர். தேறியவர்களுள் சிலர் முன்பே அறுவைச் சிகிச்சையால் கட்டி நீக்கப்பட்டவர்களாகவும், சிலர் மெல்ல வளரும் புற்று உடையவர்களாகவும் இருக்கக்கூடும் என்பதும் மேசைப் பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

ஆகவே, வந்தவர் அனைவரையும் இறுதிவரை பின்தொடரும் ஆய்வு தேவைப்படுகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஆதரவில் மேயோ மருத்துவமனையும் வேறு சில மையங்களும் 178 நோயாளிகளுக்கு லேட்ரைல் கொடுத்துக் கண்காணித்து 1982இல் வெளியிட்ட முடிவு, குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை என்பதாகும். சிலருடைய இரத்தத்தில் சயனைடு நச்சு அபாய அளவை நெருங்கியது. தொலைவுக்குப் பரவாத புற்றுநோயில் மாற்றுச் சிகிச்சையை மட்டும் தேர்ந்த 281 பேரை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகையினரின் இறப்பு அபாயம் இரண்டரை மடங்காகவும், மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கு மேலாகவும் இருந்தது.

சக நோயாளிகளின் துணையும் இதேபோல் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது என்பது நேயர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களை ஆராய்ந்த டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு காலம் வாழ்ந்ததாக 1989இல் எழுதினார். அம்முடிவைச் சோதிக்கக் கனடாவில் பமேலா குட்வின் தலைமையில் 235 பெண்களிடம் நடந்து 2001இல் வெளியான ஆய்வில் ஆயுள் நீளவில்லை. ஆனால் குழுவில் சேர்ந்தவர்களின் மனவேதனை குறைந்தது, வலியும் குறைவாக உணரப்பட்டது. நோயை நீக்காவிட்டாலும் நோயோடு வாழும் நாட்களை இலகுவாக்கும் ஆற்றல் அத்துணைக்கு உண்டு என்பதும், அதைப் பெற எல்லை கடக்கவோ சேமிப்பைக் கரைக்கவோ வேண்டியதில்லை என்பதும் இதனால் விளங்கும்.

நேரம் நிறைவடையும் நிலையில் சொல்ல வேண்டியது இவ்வளவே: சக நோயாளியின் அன்பை முழுமையாக ஏற்கலாம், அவர் கூறும் மருந்தை மட்டும் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் கேட்டபின் ஏற்கலாம். வழக்கமான சிகிச்சை தரும் மருத்துவமனைகள் நோயாளிகள் அமர்ந்து மனம்விட்டுப் பேச ஓர் அறையையும் வாரத்தில் ஒரு மணி நேரத்தையும் ஒதுக்குமானால், அந்தத் துணைக்காகவே தொலைதூரம் செல்வோரில் சிலரேனும் தக்க சிகிச்சையைக் கைவிடாமல் இருப்பர் என்ற நம்பிக்கையோடு இவ்வுரை நிறைவுறுகிறது.