பச்சைக் கண்



இலக்கிய நிகழ்ச்சியில் றேடியோ திருத்திய கதைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நான் முதன்முதல் கேட்ட நாடகமும் கவியரங்கும் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்துதான் வந்தன. அந்தப் பெட்டியைப் பற்றியதே இன்றைய பேச்சு.

1950களின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பிலிப்ஸ் வால்வு றேடியோ அது. நிலையம் சரியாகப் பிடிபட்டதும் குவிந்து ஒளிரும் பச்சைக் கண் ஒன்று அதற்குண்டு. சானாவின் 'இலண்டன் கந்தையா' கேட்க அயல் முழுவதும் எங்கள் விறாந்தையில் கூடுமாம், அம்மா சொல்லுவார்.

1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் தயவில் சின்ன றேடியோவில் செய்தி கேட்டோம். அந்த 6 வோல்ற் இந்தப் பெட்டிக்கு எந்த மூலைக்கு? அது வாய் மூடியது. அதன்மேல் ஜாம் போத்தல் விளக்கை வைத்தோம். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பின் அதைத் திருத்த நினைத்தேன். இலத்திரனியல் படித்த மருமகன், "மாமா, உள்ளுக்கை கிடக்கிறதெல்லாத்தையும் கழட்டிப்போட்டு ஒரு புளூடூத் பூட்டுவம். ஒரு மணித்தியால வேலை" என்றான். எனக்கு மனம் வரவில்லை.

நெடுங்காலம் கிடந்த பெட்டியை நேரே மின்சாரத்தில் கொளுவக்கூடாது. பழைய இழை பல்ப் ஒன்றைத் தொடரில் பூட்டிக் கொடுக்க வேண்டும். உள்ளே பழுதென்றால் பல்ப் பிரகாசித்துக் காட்டிக்கொடுக்கும், பெட்டி தப்பும். எங்களுடையது பளீரென்று எரிந்தது. கீல் பூசிய கொண்டென்சர்கள் வெடித்துக் கிடந்தன. அவற்றுள் மிகப் பொல்லாதது கடைசி வால்வுக்கு முன்னால் இருப்பது. முந்திய வால்வின் ஒலியை விட்டு, உயர் மின்னழுத்தத்தை மறிப்பது அதன் வேலை. அது கசிந்தால் ஒலிபெருக்கியை இயக்கும் ஈ.எல். 84 வால்வு சூடேறிச் செத்துப்போகும். பழைய கூடுகளைச் சூடாக்கிக் குடைந்து, புதியவற்றை அவற்றுக்குள்ளேயே ஒளித்து வைத்தோம். சலிப்போடு தொடங்கிய மருமகன் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னைத் தொடவே விடவில்லை!

பச்சைக் கண் விழித்தது. ஆனால் கேட்பதற்கு என்ன இருந்தது? மத்திய அலை முழுவதும் எல்.ஈ.டி. விளக்குகளின் இரைச்சல். 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017இல் ஓய்ந்துவிட்டது. பண்பலையோ இந்தப் பெட்டிக்குத் தெரியாது. பிடிவாதத்தில் வென்றேன், பெட்டி ஊமையாகவே நின்றது.

வழி கண்டவன் மருமகன்தான். கிராமபோன் பூட்டுவதற்கென்று பின்புறத்தில் இரண்டு துளைகள் இருந்தன. தூசி அடைத்திருந்ததால் நான் கவனிக்கவில்லை. புளூடூத் தகட்டை அதிலே கொளுவினான். ஒரு வயரும் வெட்டவில்லை. வேண்டாமென்றால் நாளைக்கே பிடுங்கலாம். அவனுடைய கைத்தொலைபேசியிலிருந்து வந்த பழைய பாட்டு, வால்வுகளின் சூட்டிலே தோய்ந்து கனமாக வெளிவந்தது.

தொண்ணூறை எட்டும் அம்மா மெல்ல வந்து, பழக்கப்பட்ட கையால் குமிழைத் திருப்பினார். முள் நகர்ந்தது, பாட்டு மாறவில்லை.

"இதென்ன தம்பி, எந்த ஸ்ரேசனிலையும் ஒரே பாட்டுத்தான் போகுது?"

மருமகன் கைத்தொலைபேசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "இன்னும் கொஞ்சம் திருப்புங்கோ அம்மம்மா" என்றான். அவர் திருப்பினார். வேறொரு பாட்டுத் தொடங்கியது. அம்மா குமிழை விட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டார்.