சாவி யார் கையில்?



பட்டம் பெறும் உங்களில் சிலர் நாளை வேற்று நகரங்களுக்குப் படிக்கப் போவீர்கள். வேறு சிலர் வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இடத்தில் உட்காருவீர்கள்: விடுதிக் காப்பாளராக, பதிவாளராக, வாடகைக்கு வீடு விடுபவராக. இந்த உரை அந்த இரண்டாம் வகையினருக்கு. முன்பின் தெரியாத ஊருக்கு வந்து சேரும் கறுப்பின மாணவருக்கு நாம் என்ன செய்யலாம் என்று கேட்டால், வரவேற்பு விழா, வழிகாட்டும் அலுவலர், ஆண்டுக்கொரு கலைநிகழ்ச்சி என்று பட்டியல் வரும். அவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் அந்த மாணவர்களே நடத்தும் ஓர் இடம் இல்லாதவரை அவையெல்லாம் சேர்ந்தும் போதாது என்பதே என் கருத்து. இதற்குச் சான்று தேட லண்டனைவிட நல்ல ஊர் கிடையாது.

1920களில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சட்டமும் மருத்துவமும் படிக்க லண்டன் வந்த இளைஞர்கள் பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள்தாம். கடவுச்சீட்டும் கட்டணமும் சரியாகவே இருந்தன. அறை மட்டும் கிடைக்கவில்லை. நிறத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். ஜமைக்காவிலிருந்து 1904இல் வந்து மருத்துவம் படித்த ஹரால்ட் மூடிக்கு, தகுதி பெற்ற பிறகும் நிறத்தின் பெயரால் மருத்துவமனை வேலை மறுக்கப்பட்டது. 1931இல் அவர் ‘கறுப்பின மக்கள் கழகம்’ தொடங்கினார். அதற்கு முன்பே, 1925இல், நைஜீரியச் சட்ட மாணவர் லடிப்போ சொலாங்கே நண்பர்களோடு மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கத்தை நிறுவியிருந்தார். அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயர் ‘வாசு’; நம் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல இருக்கும். சங்கத்துக்கு ஒரு வீடு வேண்டும் என்று சொலாங்கே 1929இல் ஊர் திரும்பி, மேற்கு ஆப்பிரிக்க நகரங்களில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நிதி திரட்டினார். அந்தப் பணத்தில் 1933இல் லண்டன் கேம்டன் சாலையில் விடுதி திறந்தது. காப்பாளர் சொலாங்கே, வீட்டைக் கவனித்துக்கொண்டவர் அவர் மனைவி. ஊர்ச் சாப்பாடு, வார இறுதியில் நடனம், படிக்க ஓர் அறை, இரவு நீளும் அரசியல் விவாதம் எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் அரசின் காலனி அலுவலகத்தின் ஆதரவில் இன்னொரு விடுதி எழுந்தது: அக்ரி ஹவுஸ். கோல்ட் கோஸ்ட் (இன்றைய கானா) கல்வியாளர் ஒருவரின் பெயர், மைய லண்டனில் நல்ல இடம், மாணவர் நலன் என்ற அறிவிப்பு. மாணவர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் வாசு அதைப் புறக்கணிக்கச் சொன்னது. நன்றி கெட்டவர்கள் என்று தோன்றும். ஆனால் தங்களைக் கலந்து பேசாமல் தங்கள் பெயரில் கட்டப்பட்ட வீடு அது என்பதும், ‘விரும்பத்தகாத’ அரசியல் தொடர்புகளிலிருந்து மாணவர்களை விலக்கி வைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு விடுதியிலும் கட்டில் ஒரே மாதிரிதான். ஒன்றில் மாணவர் உறுப்பினர், மற்றதில் கண்காணிக்கப்படுபவர்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: தனி வீடு தனிமையைத்தானே வளர்க்கும்? ஒரே நிறத்தவர் கூடினால் ஊரோடு எப்போது கலப்பார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் லண்டன் வரலாறு அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. வாசு விடுதியில் இருந்தவர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களோடு வாதாடினார்கள். அமெரிக்கப் பாடகர் பால் ராப்சன் சங்கத்தின் புரவலரானார். 1945இல் லண்டன் வந்த குவாமே நிக்ரூமா வாசுவின் துணைத் தலைவராகவும், அதே ஆண்டு மான்செஸ்டரில் கூடிய ஐந்தாம் அகில ஆப்பிரிக்க மாநாட்டின் அமைப்பாளர்களில் ஒருவராகவும் இருந்தார். ஒவ்வொரு வாசலிலும் தன்னை விளக்கிக்கொண்டே இருக்கத் தேவையில்லாத ஓரிடம் இருந்தால்தான் மற்ற வாசல்களைத் தட்டத் தெம்பு வரும். அங்கே அரசியல் பேசினார்களே என்றால், பேசினார்கள்தான். பேரரசு பயந்ததில் பிழையில்லை. நிக்ரூமா பின்னாளில் கானாவின் முதல் பிரதமரானார்.

பழங்கதை என்று தள்ள முடியாது. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகம், மாநிலச் சட்டம் ஒன்றைத் தொடர்ந்து, 2024இல் தன் கறுப்பினப் பண்பாட்டு மையத்தை மூடியது. அங்குள்ள கறுப்பின மாணவர் சங்கம் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ ஆதரவைத் துறந்துவிட்டுத் தன் வழியில் கூடத் தொடங்கியது. நிர்வாகம் தந்த அறையை நிர்வாகமே பூட்டலாம். சங்கத்தை அப்படிப் பூட்ட முடியவில்லை. இதனால் நிறுவனங்கள் கை கழுவிவிடலாம் என்று பொருளில்லை. பணமில்லாமல் கேம்டன் சாலை விடுதியும் தள்ளாடியது; பின்னர் வாசுவே காலனி அலுவலகத்தின் நிதியுதவியை ஏற்றது. ஆனால் காப்பாளர் சொலாங்கேதான். அந்த ஏற்பாடு எனக்குச் சரியாகப் படுகிறது: செலவில் பங்கு நிறுவனத்துக்கு, தீர்மானம் மாணவருக்கு.

இந்தியாவிலும் ஆப்பிரிக்க மாணவர்கள் பல நகரங்களில் படிக்கிறார்கள். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு வதந்தியை நம்பிய கும்பல் நைஜீரிய மாணவர்களைத் தாக்கியது. அப்போது அவர்களுக்காக முதலில் பேசியவர்களில், இந்தியாவிலுள்ள ஆப்பிரிக்க மாணவர்கள் தாங்களே அமைத்துக்கொண்ட சங்கமும் ஒன்று. நாளை உங்கள் வளாகத்தில் ஆறு மாணவர்கள் வந்து, சனிக்கிழமை மாலை சமைத்துச் சாப்பிட்டுப் பாட ஓர் அறை கேட்பார்கள். அதற்கென ஒரு கோப்பு திறக்கப்படும். பொறுப்பாளர் யார் என்ற கட்டத்தில் உங்கள் அலுவலர் பெயரை எழுதுவதுதான் வழக்கம். அங்கே அந்த ஆறு பேரில் ஒருவரின் பெயரை எழுதுங்கள்.