கைப்பிடி அரிசி



தங்கள் தாயாரின் நினைவாக இந்தச் சொற்பொழிவை ஏற்படுத்தியிருக்கும் பிள்ளைகள், 'சபை வாழ்வில் விசுவாசம் தரும் பெலன்' என்ற தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஆறுதலைப் பற்றியே பேசுவார்கள். நோயிலும் கடனிலும் மரணத்திலும் சபை எப்படித் தாங்கிக்கொண்டது என்று சொல்வார்கள். அது உண்மைதான், இந்த அரங்கில் அதை அனுபவித்து அறியாதவர்கள் குறைவு. ஆனால் திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றைத் திரும்பத் திரும்பப் படித்த எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அங்கே எளிய ஜனங்கள் நிமிர்ந்து நின்றதற்குச் சபை அவர்களுக்குக் கொடுத்தது ஒரு காரணம் என்றால், சபை அவர்களிடம் கேட்டது அதைவிடப் பெரிய காரணம். ஒன்றும் இல்லாதவர்களிடமும் அது கூச்சமில்லாமல் கேட்டது.

முதல் சாட்சி ஒரு விதவை. தஞ்சையிலிருந்து வந்த மராத்தியப் பிராமணப் பெண். கணவர் இறந்த பின் ஆங்கில அதிகாரி ஒருவருடன் வாழ்ந்தவர். அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி, தஞ்சையின் புகழ்பெற்ற மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அதிகாரியும் இறந்த பிறகு, 1778இல் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் பெற்று குளோரிந்தா ஆனார். சொந்த ஜனம் தள்ளிவிட்டது, வெள்ளைக்காரச் சமூகமும் முழுதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்படிப்பட்டவருக்கு ஆறுதல் சொல்லி ஒரு மூலையில் உட்கார வைத்திருக்கலாம். நடந்தது வேறு. 1780இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள். அந்தச் சின்னக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பு இந்தப் பெண்ணின் தோளில். 1785இல் கட்டி முடித்த கோயிலுக்கு அவரே முன்னின்று பணம் சேர்த்தார், தன் பணத்தையும் போட்டார். ஊரார் இன்றும் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். ஊழியம் செய்ய ஆள் வேண்டும் என்று தஞ்சைக்குக் கேட்டுக்கொண்டே இருந்து சத்தியநாதன் என்ற உபதேசியாரை வரவழைத்ததிலும் அவர் பங்கு உண்டு. திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தைப் பற்றி ஆயர்களின் படங்களோடு பல மலர்கள் வந்திருக்கின்றன. அட்டையில் இவர் படம் போடலாம் என்றால், படம் கிடைக்காது.

அடுத்த கட்டத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்த கதைதான். கிறிஸ்தவர்களானதால் வீடும் வேலையும் இழந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு 1799இல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர் முதலூர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் இதையே ஒரு முறையாக்கினார். தர்ம சங்கம் என்ற அமைப்பின் வழியாக நிலம் வாங்கி, புதுக் கிறிஸ்தவர்கள் பயமின்றிக் குடியிருக்க ஊர்களை உண்டாக்கினார். தேரிக்காட்டிலும் பனங்காட்டிலும் நீங்கள் பார்க்கும் மெய்ஞ்ஞானபுரம், ஆனந்தபுரம், டோனாவூர் போன்ற ஊர்களெல்லாம் அந்தப் பரம்பரைதான். டோனாவூருக்குப் பணம் கொடுத்தவர் ஜெர்மனியின் பிரபு ஒருவர். டோனா என்பது அவர் பெயர்.

நான் நிற்க விரும்பும் இடம் இந்த ஊர்களின் உள்வாழ்க்கை. காலையும் மாலையும் மணி அடிக்கும். ஜெபத்துக்குக் கோயிலில் கூடுவார்கள். உபதேசியார் பேர் கூப்பிடுவார். வராதவர் வீட்டுக்குப் போய் விசாரிப்பார். இதைக் கெடுபிடி என்று இன்றைக்குச் சொல்லலாம், கொஞ்சம் கெடுபிடிதான். உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் தங்கள் சொற்பச் சம்பளத்தில் ஒரு பங்கைப் போட்டு, இறந்துபோன ஊழியர்களின் விதவைகளுக்கு நிதி வைத்தார்கள். வெளிநாட்டுப் பணம் தாராளமாக வந்துகொண்டிருந்த காலத்திலேயே ரேனியஸ் இதைத் தொடங்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு வந்தது கைப்பிடி அரிசி. இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியம்மாக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பின்வரிசைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, ஜெபித்து, தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டு வந்து கொட்டுவார்கள், அல்லது சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரிப்பார்கள். விற்ற பணம் ஊழியத்துக்கு.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைப் பாருங்கள். பனையேறி வீடுகளில் ரொக்கம் புழங்கியது பதநீர் இறங்கும் மாதங்களில்தான். மற்ற மாதங்களில் கருப்பட்டியை அடகு வைத்தும் கடன் வாங்கியும் ஓட்ட வேண்டும். அந்த ரொக்கமும் ஆண்கள் கையில். அரிசிப்பானை மட்டும் பெண்ணின் ஆட்சி. ஆகவே யாரிடமும் கேட்காமல், தினமும், தன் தீர்மானத்தால் ஒரு பெண் கொடுக்கக்கூடிய ஒரே காணிக்கை அது. காணிக்கைத் தட்டில் நாணயம் விழும் சத்தத்தை வைத்தே யார் எவ்வளவு போட்டார் என்று கண்டுபிடிக்கும் ஆட்கள் எல்லாச் சபையிலும் உண்டு. அரிசியைக் குவியலில் கொட்டிய பிறகு பண்ணையார் வீட்டுப் பிடி எது, கூலிக்காரி வீட்டுப் பிடி எது என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. இரண்டு வாரம் ஒருத்தி வெறுங்கையோடு வந்தால், அவள் வீட்டில் உலை கொதிக்கவில்லை என்பது அரிசி சேகரிக்கும் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். வாய் திறந்து கேட்க மானம் தடுத்தாலும் காலிக் கலயம் சொல்லிவிடும். அன்று மாலையே ஒரு கொட்டான் அரிசி பின்வாசல் வழியாகப் போகும். கொடுப்பதற்கென்று வைத்த ஏற்பாடே பசித்த வீட்டைக் காட்டிக்கொடுக்கும் வழியாகவும் வேலை செய்தது. எந்த ஆய்வறிக்கையும் இல்லாமல் சபை இதைக் கற்றிருக்கிறது.

இதே பழக்கம் வடகிழக்கில் மிசோரம் சபைகளில் 1910இல் தொடங்கியது. அங்கே இன்றும் சபை வருமானத்தில் அதற்குக் கணிசமான பங்கு உண்டு. ஏழைச் சபைகளுக்கு இந்த யோசனை பல இடங்களில் தோன்றியிருக்கிறது.

ஏழையிடம் கேட்பது கொடுமை இல்லையா என்ற கேள்வி எழத்தான் செய்யும். சாறிபாத் விதவையின் கதையை முதன்முதல் படிக்கிற யாருக்கும் எலியா முரட்டு மனிதராகத்தான் தெரிவார். பானையில் மிஞ்சியிருந்த ஒரு பிடி மாவைச் சுட்டுத் தின்றுவிட்டு மகனோடு சாகக் காத்திருந்தவளிடம் போய், எனக்கு முதலில் ஓர் அடை செய்துகொண்டு வா என்கிறார். இந்த வேதப்பகுதியை வைத்துத் தொலைக்காட்சியில் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். விதவைகளின் தாலிக்கொடியைக்கூட வாங்கிக்கொண்டு ஆசீர்வாதம் விற்கிறார்கள். அவர்களையும் கைப்பிடி அரிசியையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அரிசியைச் சேகரித்தவள் அதே தெருக்காரி, அதே பசியை அறிந்தவள். எவ்வளவு சேர்ந்தது, என்ன விலைக்குப் போனது என்பது ஊருக்குத் தெரியும். கேட்கிறவரும் கொடுக்கிறவரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கிற இடத்தில் மோசடிக்கு வாய்ப்பு குறைவு.

அந்தக் கலயங்களிலிருந்து என்ன விளைந்தது? வெள்ளாளன்விளைச் சேகரத்து ஐயர் தாமஸ் வேதநாயகத்தின் மகன் அசரியா, 1874இல் பிறந்தவர். 1902இல் யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரரை எதிர்பாராமல், தாங்களே பணம் சேர்த்து, கடல் தாண்டித் தொண்டிப் பக்கத்தில் ஊழியம் நடத்துவதைக் கண்டார். அவருக்குச் சுருக்கென்றது. யாழ்ப்பாணத்தைவிடப் பெரிய திருநெல்வேலிச் சபை ஏன் வாங்குகிற கையாகவே இருக்க வேண்டும்? 1903 பிப்ரவரி 12இல் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் விதி. நிஜாம் சமஸ்தானத்தில் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்கள் போனார்கள். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் நிலமும் நிழலும் இன்றி ஓடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், மொழி தெரியாத தெலுங்கு நாட்டுக்குத் தங்கள் அரிசிப் பணத்தில் ஆள் அனுப்பினார்கள். இதைவிடப் பெரிய பெலனை எனக்குக் காட்ட முடியாது.

அசரியா 1909இல் தாமே அங்கே போனார். 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார்; ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். இடையில் 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், மேலைநாட்டு மிஷனெரிகளின் தியாகங்களையெல்லாம் ஒப்புக்கொண்டு, கடைசியில் எங்களுக்கு வேண்டியது உங்கள் நட்பு என்று அவர் சொன்னபோது அரங்கில் பலருக்கு முகம் சுருங்கியது. தோர்ணக்கலில் அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதியினர், நிலமற்ற கூலிகள். ஞானஸ்நானம் பெறுகிற ஒவ்வொருவரும் தன் தலையில் கை வைத்து, நற்செய்தியை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுலின் வார்த்தைகளில் சொல்ல வேண்டும் என வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். நேற்றுவரை பண்ணையாருக்கு முன் வாயைப் பொத்தி நின்றவர்கள். உனக்கும் சொல்வதற்கு ஒன்று உண்டு என்று ஒருவர் அவர்களிடம் சொன்னது அதுவே முதல் தடவை. 1939இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தில் அந்தக் கூலிகளின் காணிக்கையும் இருக்கிறது.

குறையைச் சொல்லாமல் போனால் இது சொற்பொழிவு ஆகாது, விளம்பரம் ஆகிவிடும். நம் சபை வாசலில் சாதியை யாரும் செருப்போடு கழற்றி வைக்கவில்லை. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதிக்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பினார்; அது எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்பதை நம் டயோசீசன் தேர்தல் வாக்காளர் கணக்கைப் பார்த்தாலே தெரியும். மிஷனெரிகளும் கேட்கத் தெரிந்த அளவுக்கு மதிக்கத் தெரிந்திருக்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் 1857இல் பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை என்பவர் பிரிந்துபோய், வெள்ளைக்காரர் பணமும் தயவும் வேண்டாம் என்று தனிச்சபை கண்டார்; சனிக்கிழமை ஓய்வுநாளை அனுசரித்தார். அவருடைய உபதேசத்தில் எனக்கு உடன்பாடில்லாதவை பல. ஆனாலும் தன் காலில் நின்ற அந்தப் பிடிவாதத்தை அசரியாவின் முன்னோடிகளில் ஒன்றாகவே எண்ணுகிறேன். சபை வரலாறு எழுதுகிறவர்கள் அவரை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள்.

அந்தக் குறைகளுக்கு நடுவிலும் ஒரு காட்சியை நான் விடாமல் பிடித்துக்கொள்கிறேன். பிரதிஷ்டைப் பண்டிகையின் அசன விருந்து. வீட்டுக்கு வீடு அரிசி, தேங்காய், ஆடு. இரவெல்லாம் ஆண்கள் விழித்துச் சமைப்பார்கள். காரில் வந்தவரும் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார். அறுப்பின் பண்டிகையில் ஒரு கிழவி கொண்டுவந்த முருங்கைக்காய்க் கட்டை, சந்தை விலையைப் போல் பல மடங்குக்கு ஏலம் கேட்கிற கூத்தும் உண்டு. கேட்டவருக்கு முருங்கைக்காய் வேண்டாம் என்பது எல்லாருக்கும் தெரியும். கிழவிக்கும் தெரியும். ஆனாலும் அன்று அவள் சேலையை இழுத்துவிட்டு நடக்கிற நடையே வேறு.

நம் நகரத்துச் சபைகளுக்கு வருகிறேன். 2020இல் கோயில்களைப் பூட்டியபோது ஆராதனை கைப்பேசிக்கு வந்தது. பலருக்கு அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் திரைக்கு முன் உட்கார்ந்தவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. காணிக்கை அனுப்ப ஒரு கட்டத்தைக் காட்டியதைத் தவிர. கோயில் திறந்த பிறகும் பலர் திரும்பவில்லை. அவர்கள் விசுவாசத்தை விட்டுவிட்டார்கள் என்று பிரசங்கபீடத்திலிருந்து கடிந்துகொள்கிறோம். அவர்கள் இல்லாததால் எந்த வேலையும் நிற்கவில்லை என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இந்தச் சேகரத்திலும் வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அவர்களுக்கு நற்கருணை கொண்டு போகிறோம், ஜெபிக்கிறோம், பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டு வருகிறோம். பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம், அம்மா, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நாலு பேரை அனுப்புகிறோம், வேதக்கதை சொல்வீர்களா என்று யாராவது கேட்டிருக்கிறோமா? கண் தெரியாத பெரியவரிடம், பரீட்சை எழுதும் பிள்ளைகளின் பெயர்களை வாசித்துக் காட்டுகிறோம், தினமும் ஜெபியுங்கள், முடிவு வந்ததும் உங்களிடம்தான் முதலில் சொல்வோம் என்று?

குருவானவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அந்தப் பட்டியலை அவரிடம் கேட்டு வாங்கலாம் என்று இருக்கிறேன். எனக்கு முழங்கால் வலி. மாடி வீடுகளுக்கு உங்களில் யாராவது இளையவர்கள் என்னோடு வர வேண்டும்.