அரங்கேற்றத்துக்கு முன் கிழமைக்கூத்து

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மட்டக்களப்பைப் பற்றிப் பேச வருகிறவர் பாடும் மீனிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். இன்று அதை மீற எனக்கு அனுமதி தாருங்கள். நான் எடுத்துக்கொண்ட விடயம், பல்கலைக்கழக வளாகங்களில் கலைவிழாக் காலத்தில் காட்டப்படும் திரைப்படங்கள். படம் போடுவதைப் பற்றி ஓர் இலக்கிய உரையா என்று நீங்கள் கேட்கலாம். படம் போடுவது சுலபம். போட்ட படத்தை யார் பார்க்கிறார்கள், யாருக்குப் பக்கத்தில் அமர்ந்து பார்க்கிறார்கள், பார்த்த பின் அவர்களுக்குள் என்ன பேச்சு நடக்கிறது என்பவைதான் சுலபமில்லாதவை.

முதலில் வாவிக்கரையோரம் இருக்கும் அமிர்தகழிக்குப் போவோம். மாமாங்கேஸ்வரர் ஆலயத்தால் அறியப்பட்ட அந்த ஊரில் 1939ஆம் ஆண்டு பிறந்தவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி மாணவர். பள்ளிச் சுற்றுலாவொன்றில் டேவிட் லீன் தமது 'குவாய் நதிப் பாலம்' படத்தை எடுப்பதைக் கண்டதும், அந்த மனிதர் 'மழை' என்று குரல் கொடுத்ததும் மழை கொட்டியதும் அவரே பலமுறை சொன்ன செய்தி. நம்மவர்கள் இந்த மழைக் கதையைச் சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். அதைவிட முக்கியமான இன்னொரு செய்தி இருக்கிறது. அவருடைய வகுப்பாசிரியர் ஒருவரே அவருக்குச் சினிமாவில் நாட்டம் உண்டாக்கியவர். இத்தாலியின் 'சைக்கிள் திருடர்கள்', ரஷ்யாவின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' ஆகிய படங்களைப் பள்ளிப் பருவத்திலேயே பார்க்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. பூனா திரைப்பட நிறுவனம் பின்னால் வந்தது. மழை வரவழைக்கும் இயக்குநரைக் காண்பது அதிர்ஷ்டம். நல்ல படத்தைப் பார்க்க வைக்கும் ஆசிரியர் வாய்ப்பதும் அதிர்ஷ்டந்தான், ஆனால் இந்த இரண்டாவதை நாம் ஏற்பாடு செய்யலாம்.

ஏற்பாடு செய்கிறோமா? வளாக விழாவின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நடனம், பரிசளிப்பு. எல்லாம் முடிந்து 'திரைப்படக் காட்சி' என்று ஒரு வரி. பேச்சாளர்கள் தின்றது போக மிஞ்சிய நேரம் படத்துக்கு. பிற்பகல் என்றால் யன்னல் வழியே வரும் வெயில் திரையை வெளிறச் செய்துவிடும். இரவில் முகங்கள் தெரியலாமே என்று எண்ணும்போது, மின்விசிறிச் சத்தம் வசனத்தை விழுங்கும். கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்கள் பாதியில் எழுவார்கள். படம் முடிந்ததும் விளக்கு எரியும், கதிரைகள் மடியும். பேசுவதற்கு யாரும் இருப்பதில்லை.

இதை எண்ணும்போது எனக்கு நம்முடைய கூத்துத்தான் ஞாபகம் வருகிறது. வடமோடியாயினும் தென்மோடியாயினும் மட்டக்களப்பில் ஒரு கூத்து ஒரே நாளில் களரிக்கு வருவதில்லை. சட்டங்கொடுத்த பின் மாதக் கணக்கில் பழக்கம் நடக்கும். கிழமைக்கூத்து என்று கிழமைதோறும் ஆடிப் பார்ப்பார்கள். சதங்கை அணிவார்கள். அடுக்குப் பார்ப்பார்கள். அதன் பிறகே அரங்கேற்றம். ஆடுபவர் பழகுவதற்காகவே இத்தனையும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் கிழமைக்கூத்தைச் சுற்றி நின்று பார்க்கும் ஊராரும் பழகுகிறார்கள். இந்தத் தாளம் பிசகியது, அந்தக் கொலு வரவு போன முறைபோல் இல்லை என்று கிழவர்கள் சொல்ல இளையவர்கள் கேட்டு வளர்கிறார்கள். அரங்கேற்ற இரவில் அண்ணாவியாருக்குக் கிடைப்பது தேர்ந்த ஒரு சபை.

நமது திரைப்பட விழாக்கள் கிழமைக்கூத்து இல்லாத அரங்கேற்றங்கள். ஆண்டில் ஒரு நாள் ஈரானியப் படமோ யப்பானியப் படமோ வானத்திலிருந்து வந்து விழுகிறது. மீதி நாட்களில் தமிழ்நாட்டு வணிகப் படங்களே நமது பார்வைப் பயிற்சி. போர்க் காலத்தில் மின்சாரம் இல்லாத ஊர்களில் தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் விடிய விடிய மூன்று படங்கள் ஓடியதை நேயர்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அதை நான் இழிவாகச் சொல்லவில்லை. அந்த முற்றத்திலாவது படத்தைப் பற்றிய பேச்சு இருந்தது! இன்று கைத்தொலைபேசியில் ஒவ்வொருவரும் தனித்தனியே பார்க்கும்போது அதுவும் இல்லை.

பழக்கப்படாத சபைக்கு முன்னால் கடினமான ஒரு படம் வந்தால் என்ன நேரும் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஓர் உதாரணம் உண்டு. அனோமா ராஜகருணாவை இயக்குநராகக் கொண்ட யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா 2015இல் தொடங்கியது. சிங்களக் கலைஞர்களும் தமிழ்க் கலைஞர்களும் கூடி முன்னெடுத்த அரிய முயற்சி. பல்கலைக்கழக சமூகமும் அதில் பங்குகொண்டது. 2018ஆம் ஆண்டு விழாவில் ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' என்ற ஆவணப்படம் காட்டப்பட இருந்தது. அதற்கு முந்திய ஆண்டு கான் விழாவில் சிறப்புக் காட்சியாகத் திரையிடப்பட்ட படம். 1983 வன்செயலோடு, தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்ததையும் அது பேசுகிறது. எதிர்ப்பு எழுந்தது, படம் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டது.

அந்தப் படத்தில் குறை காண நியாயமான காரணங்கள் இருக்கலாம். அரசின் கொடுமையைக் குறைத்துக் காட்டுகிறது என்று ஒருவர் சொல்லலாம். சொல்லட்டும். படத்தைப் பார்த்துவிட்டு, இயக்குநரை எதிரே நிறுத்தி, நேருக்கு நேர் சொல்லட்டும். அந்த வாதத்தைக் கேட்கும் வாய்ப்பும் படத்தோடு சேர்ந்தே போயிற்று. பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' படத்தை 2000ஆம் ஆண்டு அரசாங்கம் தடுத்தபோது வழக்குப் போட ஒரு நீதிமன்றம் இருந்தது. 2001இல் உயர் நீதிமன்றம் படத்தைத் திரையிட வழிசெய்தது. நமக்குள் நாமே தடுத்துக்கொள்ளும்போது எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

கிழக்கில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்த வளாகத்தையே எடுத்துக்கொள்வோம். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கே அகதிகளாகத் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவத்தினர் கொண்டுசென்றனர். அவர்கள் திரும்பி வரவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னர், ஓகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் தென்னிலங்கையிலிருந்தும் வரும் மாணவர்கள் இன்று ஒரே மண்டபத்தில் அமர்கிறார்கள். 1990இல் அவர்கள் பிறந்திருக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்த ஆண்டைப் பற்றி ஒவ்வொரு கதை உண்டு. பக்கத்துக் கதிரைக்காரரின் வீட்டுக் கதை தெரியாது. இருட்டில் ஒரே திரையைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் அந்த நிமிடம் வேறு எங்கே கிடைக்கும்? அதற்காகவே நான் வளாகத்தை வலியுறுத்துகிறேன். நகரத்துத் திரையரங்கில் நுழைவுச்சீட்டு வாங்கியவர் படம் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். வளாகத்தில் மறுநாள் காலை அதே விரிவுரைக்கு இருவரும் வரவேண்டுமே!

முதல் கிழமையிலேயே அத்தகைய படத்தைப் போடச் சொல்லவில்லை. பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தோடு தொடங்கலாம். 1988இல் வந்தது. நடுத்தர வர்க்கத்துப் பெண்ணொருத்தி ஒரு சின்ன வீடு கட்டப் படும் பாடு; கடைசியில் அந்த நிலத்தையே குடிநீர் வாரியம் எடுத்துக்கொண்டது தெரியவருகிறது. 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்த நாவலடிக் குடும்பத்துப் பிள்ளைக்கும், காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு கந்தோர் கந்தோராய் அலையும் தகப்பனின் பிள்ளைக்கும் இதில் பேச இல்லாதது என்ன? அதன் மூல நெகடிவ் அழிந்துபோனதைச் சொல்லி பாலு மகேந்திரா இறுதிக் காலத்தில் வருந்தினார். நல்ல பிரதி தேடுவதே மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாகும்.

பிறகு தர்மசேன பத்திராஜாவின் 'பொன்மணி'. யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த ஒரு சிங்களக் கலைஞர், சீதனத்தையும் சாதியையும் பற்றித் தமிழில் எடுத்த படம். 1977இல் வெளிவந்து வசூலில் தோற்றது. பாட்டும் சண்டையும் எதிர்பார்த்துப் போன ரசிகர்களை நான் நோகமாட்டேன். அவர்களுக்கும் கிழமைக்கூத்து இருக்கவில்லை. அசோக ஹந்தகமவின் 'இனி அவன்', மலையகத் தமிழரைப் பற்றிய சுமதி சிவமோகனின் 'இங்கிருந்து' இவையும் வரலாம். இப்படி இருபது, இருபத்தைந்து கிழமைகள் பழகிய சபைக்கு முன்னால் ஜூட் ரட்ணத்தின் படத்தையும் போடுங்கள். அன்று எழும் கண்டனம் படம் பார்த்தவரின் கண்டனமாக இருக்கும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பிரான்ஸில் கிளெர்மொன் பெராண் நகரத்து மாணவர் திரைப்படக் கழகம் 1979இல் ஒரு குறும்பட வாரம் நடத்தியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று குறும்படங்களுக்கான உலகின் மிகப் பெரிய விழா. தொடங்கியவர்கள் மாணவர்கள்.

நமக்கு வேண்டியவை ஒரு புறொஜெக்டர், யன்னல்களுக்குக் கறுப்புத் திரைச்சீலை, பஸ் நேரத்தைக் கணக்கிட்டு வகுத்த நேரசூசி. படம் ஒன்றரை மணித்தியாலம் என்றால் பேச்சுக்கு முக்கால் மணித்தியாலம் ஒதுக்க வேண்டும், தலைமையுரை கிடையாது. கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவக மாணவர்களும் சேர்ந்துகொள்ளலாம். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து 'மதங்க சூளாமணி' எழுதியவரின் பெயரைத் தாங்கிய இடமல்லவா?

இன்னொன்று, வசன மொழிபெயர்ப்பு. பிறமொழிப் படத்தை ஆங்கில எழுத்தோடு போட்டால் மண்டபத்தில் பாதிப்பேர் படத்தை வாசிக்கவும் மாட்டார்கள், பார்க்கவும் மாட்டார்கள். தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு வரி எழுத மாணவர்களுக்கு முடியும். ஒரு படத்துக்கு ஆயிரம் வரிக்கு மேல் வரும். நாலைந்து பேர் பகிர்ந்துகொண்டால் ஒரு மாத வேலை. 'சைக்கிள் திருடர்கள்' படத்துத் தகப்பனும் மகனும் மட்டக்களப்புத் தமிழில் பேசினால் எப்படியிருக்கும்? 'வாங்கோ மகன்' என்பாரா, 'வா மனே' என்பாரா? அந்த வாக்குவாதத்திலேயே முதற் கிழமை கழிந்துபோகக்கூடும். கழியட்டும்.