துவக்குக் கைமாறும் இடம் எது?

(திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் கூடிய உழவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

   

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் மேடைகளில் வழக்கமாகப் பேசப்படும் பொருளன்று. மொழி பற்றிப் பேசுவோர் பலர்; காணி பற்றிப் பேசுவோர் பலர். துவக்குப் பற்றிப் பேசுவோர் இலர். அந்தச் சொல்லை உச்சரித்தாலே ஐயத்துக்கு ஆளாவோம் என்று வாயை மூடிக்கொள்வது, 1983 முதல் 2009 வரை நடந்த போர் நம் மக்களுக்குக் கற்பித்த பழக்கம். அதில் வியப்பேதுமில்லை. ஆனால் நாம் பேசாதிருப்பதனால் துவக்கு இல்லாமற் போய்விடுமா? தம்பலகாமத்து வயலோரங்களிலும், மூதூர்ப் பக்கத்துச் சேனைகளிலும், குச்சவெளி, கந்தளாய், சேருவிலைப் பகுதிகளிலும் பன்றிக் காவலுக்கென முறைப்படி உரிமம் பெற்ற குழல் துவக்குகள் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் மூப்படைகின்றனர், மறைகின்றனர். பிள்ளைகள் கட்டாருக்கும் கனடாவுக்கும் போய்விடுகின்றனர். வயல் குத்தகைக்குப் போகிறது. துவக்கு மட்டும் வீட்டு மூலையில் துணி சுற்றியபடி நிற்கிறது.

அதை என் செய்வது? விற்பதென்றால் யாருக்கு விற்பது? எங்கே வைத்துக் கைமாற்றுவது? இந்த மூன்றாவது கேள்விதான் இன்று நம் முன் நிற்பது. முதல் இரண்டையும் பற்றி ஊரில் ஆயிரம் பேர் ஆலோசனை கூறுவர். மூன்றாவதற்கு விடை கூறுபவர் பெரும்பாலும் தரகர் ஒருவரே. அவர் கூறும் விடை, "பொழுது பட்டபின் இறங்குதுறைப் பக்கம் வாருங்கள்" என்பது.

இறங்குதுறையா? நம் துறைமுகம் மீன்பிடி வள்ளங்கள் மட்டும் ஒதுங்கும் துறைமுகமா? உட்துறைமுகத்தைச் சுற்றிக் கடற்படை இருக்கிறது. சீனன்குடாவில் விமானப்படை இருக்கிறது. அந்திக் கருக்கலில் நீண்ட பொதியொன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரையோரம் நிற்கும் மனிதனைக் காவலில் நிற்பவன் எப்படிப் பார்ப்பான்? பன்றிக் காவல்காரர் என்று பார்ப்பானா? உரிமப் புத்தகம் மடியில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியுமா?

தேநீர்க் கடை என்பார் இன்னொருவர். நாலுபேர் பார்க்கும் இடமல்லவா, அச்சமில்லை என்பது அவர் வாதம். நாலுபேர் பார்ப்பது உண்மைதான். அந்த நாலுபேர் நாற்பது பேருக்குச் சொல்வதும் உண்மை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் மாவட்டம் இது. ஓர் ஊரவன் கையிலிருந்து மற்றோர் ஊரவன் கைக்கு ஒரு துவக்குப் போயிற்று என்ற செய்தி, மாலையாகுமுன் பத்துத் துவக்காக வளர்ந்துவிடும். வதந்தியால் இம்மண் பட்ட பாட்டை இங்கிருக்கும் பெரியோர்க்கு நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை. கோவில் வீதி, பள்ளிவாசல் முற்றம், பாடசாலை வாசல் ஆகியவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"எங்கள் வீட்டில் வைத்துக் கொடுத்துவிடுகிறோம், அதைவிடப் பாதுகாப்பான இடம் ஏது?" என்று கேட்போர் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இதுவே எல்லாவற்றினும் தீங்கானது என்போம். வாங்க வருபவன் யாரென்று நமக்குத் தெரியாது. அவனோ நம் வீட்டை அறிந்துகொள்கிறான். துவக்கு எந்த மூலையில், தோட்டா எந்தப் பெட்டியில், பணம் எந்த அறையில், வீட்டில் ஆண்கள் எத்தனை பேர் என்பதையெல்லாம் ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிக்குமுன் பார்த்துவிடுகிறான். பேரம் முறிந்தால் அவன் கொண்டுபோவது அந்த அறிவை. அவன் திரும்பி வரும் நாளை நாம் அறிய மாட்டோம்.

சந்திக்கும் இடத்தை அறியாமற் கெட்ட கதை இந்தக் குடாவிலேயே இருக்கிறது. மூதூர் அன்பர்கள் அதனை நன்கறிவர். 1659ஆம் ஆண்டில் 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புயலில் பாய்மரம் கெட்டுக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்பற்றலைவரும் அவர் மகன் இறொபேட் நொக்சும் கரையிறங்கினர். ஊரவரோடு பண்டமாற்றுச் செய்தனர். எவரும் தீங்கு செய்யவில்லை. ஆகவே அச்சம் தெளிந்தனர். கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் அதிகாரி படையோடு வந்து அழைப்பு விடுத்தபோதும் அவர்கள் ஐயுறவில்லை. 1660 ஏப்பிரலில் கப்பற்றலைவர் ஒரு புளியமர நிழலில் அமர்ந்திருக்கையில் பிடிபட்டார். மகனும் பிடிபட்டான். தந்தை மறுவருடமே சிறையிருப்பில் மாண்டார். மகன் தப்பியோட 1679 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த மரம் நின்ற இடத்தை 'வெள்ளைக்காரன் மரம்' என்று பின்னர் கல்லெழுதிக் காட்டினர். மரத்தில் தீங்கில்லை, நிழலிலும் தீங்கில்லை. சூழ நிற்பவர் யார், அவர் எவருடைய ஆணைக்கு உட்பட்டவர் என்பதை அறியாமல் அமர்ந்ததே கேடு. துவக்கு விற்கப் புறப்படுபவர் இடத்தின் அழகைப் பார்த்துப் பயனில்லை. அங்கே நடப்பதற்கு யார் பொறுப்பு என்பதையே பார்க்க வேண்டும்.

பிற நாட்டார் இதற்கு என்ன செய்கின்றனர்? அமெரிக்காவில் தனியார் ஒருவர் தம் துப்பாக்கியைத் தம் மாநிலத்தவர் ஒருவருக்கு விற்கும்போது, வாங்குபவரின் பின்னணியை விசாரித்தே தீரவேண்டும் என்று நடுவண் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே பல மாநிலங்களில் முன்பின் அறியாத இருவர் தாமே ஓரிடத்தைத் தேர்ந்து சந்திக்கின்றனர். பட்டறிவுடையோர், காவல் நிலையத்து வாகனத் தரிப்பிடத்துக்கு வா, அல்லது உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்கு வா என்கின்றனர். சட்டம் விட்ட ஓட்டையைத் தனிமனிதரின் முன்னெச்சரிக்கை அடைக்கப் பார்க்கிறது. கலிபோர்னியா மாநிலமோ 1991 முதல் தனியார் விற்பனையையும் உரிமம் பெற்ற வணிகர் வழியேதான் நடத்த வேண்டும் என்கிறது. ஒஸ்திரேலியா 1996இல் போட் ஆதரில் 35 உயிர்களைப் பறிகொடுத்த பின்னர் விழித்தது. ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. இனி விற்பனை உரிமம் பெற்ற வணிகர் வழியே என்று மாநிலங்களெல்லாம் உடன்பட்டன. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இன்னொரு வழி கண்டது. துப்பாக்கி வைத்திருக்க உரிமையுள்ள ஒருவருக்கே விற்கலாம். அதையும் மாவட்ட அதிகாரிக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் அறிவித்து, 45 நாட்கள் கழிந்த பின்னரே கைமாற்றலாம். நாற்பத்தைந்து நாள் என்பது தரகருக்குப் பிடிக்காத கணக்கு. அவசரக்காரன் யாரென்று கண்டுகொள்ள அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கிற்று. இச்சட்டப்படி உரிமம் மனிதனுக்குரியது. துவக்கோடு ஒட்டிக்கொண்டு ஓடுவதன்று. உரிமம் உள்ளவர் தாம் விரும்பியவருக்கு விலை பேசிக் கொடுத்துவிட முடியாது. கொடுப்பதும் எடுப்பதும் அதிகாரத்தின் அனுமதியோடு நடைபெற வேண்டும். பயிர்க் காவல் துவக்குக்கு அந்த வாசல் மாவட்டச் செயலகம், நாம் இன்றும் கச்சேரி என்று அழைக்கும் இடம்.

இதில் அதிகம் வருந்துபவர் கைம்பெண்ணே. கணவன் இறக்கிறான், அவனோடு உரிமமும் முடிகிறது. துவக்கு வீட்டிலிருக்கிறது, ஆனால் அதை வைத்திருக்க அவளுக்கு உரிமையில்லை. அதுவே அவளுக்குத் தெரியாது! எட்டுச் செலவுக்குக் கடன் வாங்கியவள் அவள். அந்நேரம் பார்த்துத் தரகர் வருகிறார். "கடுதாசி அலுவல் பிறகு பார்க்கலாம், பிள்ளை, இப்போது காசைப் பிடி" என்கிறார். அவளும் கொடுத்துவிடுகிறாள். ஓராண்டு கழித்து எங்கோ ஒரு கொலையோ கொள்ளையோ நடக்கிறது. குழலில் பொறித்த இலக்கத்தைப் பொலிசார் பதிவேட்டில் பார்க்கின்றனர். அதில் யாருடைய பெயர் இருக்கும்? அவள் கணவனுடைய பெயர். யாருடைய படலையில் வந்து தட்டுவர்? வாங்கியவன் வீடு எங்கே என்று அவளுக்குத் தெரியுமா? சந்தித்தது இறங்குதுறையில், இருளில்!

ஆகவே நம் கருத்தைத் திட்டவட்டமாகக் கூறுகிறோம். துவக்குக் கைமாறத் தகுந்த இடம் இம்மாவட்டத்தில் ஒன்றுதான். அது பதிவேடு திறந்திருக்கும் மேசை. இலக்கம் அங்கே வாசிக்கப்பட வேண்டும். விற்பவர் பெயர் அங்கே வெட்டப்பட வேண்டும். வாங்குபவர் பெயர் அங்கே எழுதப்பட வேண்டும். பணம் அதன் பின்னரே.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில உள. முதல் முறை செல்லும்போது துவக்கைக் கொண்டு செல்லாதீர். உரிமத்தோடும் அடையாள அட்டையோடும் வெறுங்கையராய்ச் செல்க. கணவனோ தந்தையோ இறந்திருந்தால் மரணச் சான்றிதழையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் எடுத்துச் செல்க. துவக்கைக் கொண்டுவர வேண்டிய நாளையும் நேரத்தையும் எழுத்தில் கேட்டுப் பெறுக. அந்தக் கடிதம் வழிச் சோதனையில் உங்கள் சார்பில் பேசும். துவக்கை மடித்துத் திறந்து, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பின்னரே உறையில் இடுக. தோட்டாவை அதே பையில் வைக்காதீர். பகலில், துணையொருவரோடு, நேர்வழியில் செல்க. இடையில் எவர் வீட்டிலும் இறங்காதீர். வாங்குபவரை முன்னதாகச் சந்தித்து விலை பேச வேண்டுமாயின், துவக்கின்றிச் சந்தியுங்கள்; விலை பேசத் துவக்கு எதற்கு? "ஒரு வெடி வைத்துப் பார்க்கலாமா?" என்று முற்றத்தில் நின்று கேட்பவனுக்கு விற்கவே விற்காதீர்.

இவ்வளவும் கேட்டபின் ஒரு பெரியவர் எழுந்து, "கச்சேரிக்குப் போகத்தான் பயமாயிருக்கிறது, பொலிசுக்குப் போக அதைவிடப் பயமாயிருக்கிறது" என்று கூறுவாரானால் அவர்மீது நாம் குறைகூற மாட்டோம். அந்த அச்சம் காரணமின்றிப் பிறந்ததன்று. 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது. 1958இல் தமிழுக்கு விசேட ஏற்பாடு என்று ஒரு சட்டம் வந்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. வடகிழக்கில் ஆட்சி நடைபெறும் மொழி தமிழே என்று அரசியலமைப்புக் கூறுகிறது. ஏட்டில் குறைவில்லை. ஆனால் விளங்காத மொழியில் எழுதிய தாளில் ஒருமுறை ஒப்பமிட்டவன் மறுமுறை அந்தப் படியேறத் தயங்குவான். துவக்கை ஒப்படைத்தேன் என்று அவன் கூறுவதும், துவக்கோடு பிடிபட்டான் என்று தாள் கூறுவதும் ஒரு சொல் வேறுபாடுதான். அவன் அஞ்சுவது அந்த ஒரு சொல்லுக்கு. சட்டத்தின் மேசை அச்சந்தரும் இடமாயிருக்கும்வரை தரகரின் இருள் அவனுக்கு ஆறுதலாய்த் தோன்றும். குடிமகனுக்குப் புத்தி சொல்வதோடு அரசின் கடமை தீர்ந்துவிடாது.

அரசுக்கு மனமிருந்தால் இடங்குறிக்கத் தெரியும் என்பதற்குச் சான்றுமுண்டு. 2024ஆம் ஆண்டின் இறுதியில், தற்காப்புக்கென வழங்கிய சுடுகலன்களை மீளாய்வுக்காகக் குறித்த நாளுக்குள் வெலிசறைக் கடற்படை முகாமிலுள்ள களஞ்சியத்தில் ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. இடம் ஒன்று, நாள் ஒன்று, பொறுப்பாளர் ஒருவர்! பெரியவர்களின் கைத்துப்பாக்கிக்குச் செய்தது உழவனின் ஒற்றைக் குழலுக்குச் செய்யப்படாதா?

இன்னொன்றும் பாருங்கள். உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். அந்த வேலை குவிவது ஆண்டின் கடைசி மாதங்களில். அம்மாதங்களில் நம் உழவன் எங்கே நிற்கிறான்? பெரும்போக விதைப்பில், மாரி மழையில், முழங்காற் சேற்றில் நிற்கிறான். வெருகலிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் ஒருவன் ஒருநாட் கூலியை இழந்து பட்டினத்துக்கு வந்து, "இன்று ஐயா இல்லை, நாளை வா" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பினால், மூன்றாம் நாள் அவன் யாரிடம் போவான்?

ஆகையால் மாவட்டச் செயலாளருக்கு அனுப்ப ஒரு மனு எழுதப்பட்டிருக்கிறது. நாம் கேட்பது பெரிதன்று. இம்மாவட்டத்தின் 11 பிரதேச செயலகங்களிலும் மூன்று மாதத்துக்கு ஒருநாள், ஆண்டு முடிவுக்குக் காத்திராமல், துவக்குக் கைமாற்றுக்கும் இறந்தோர் துவக்கு ஒப்படைப்புக்கும் என ஒதுக்குக. அன்று உரிமப் பதிவேடு அங்கே கொண்டுவரப்படுக. பொலிஸ் அலுவலர் ஒருவர் அங்கேயே அமர்க. படிவமும் பற்றுச்சீட்டும், வருபவர் தமிழராயினும் முஸ்லிமாயினும் சிங்களவராயினும், அவரவர் வாசித்து விளங்கும் மொழியில் இருக்குக. கணவன் துவக்கைத் தானாக முன்வந்து கொண்டுவரும் கைம்பெண் குற்றவாளியாக நடத்தப்படாள் என்ற உறுதி எழுத்தில் தரப்படுக.

மனுவின் இரண்டு படிகள் மேடைக்கு இடப்பக்கத்து மேசையில் உள்ளன. ஒன்று தமிழில், ஒன்று சிங்களத்தில். ஒப்பமிடுவோர் ஊர்ப் பெயரைத் தெளிவாக எழுதவும்; துவக்கின் இலக்கத்தை எழுத வேண்டாம். மூதூர், வெருகல் அன்பர்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால் அவர்களுக்கு முதலில் இடம் விடுக.