கானஸ்டோகா பார வண்டி

கானஸ்டோகா வண்டியில் பார்ப்பவர் கண் முதலில் போவது வெள்ளைத் துணிக் கூண்டுக்கு. ஆனால் தச்சரின் கைத்திறன் தெரிவது அடித்தட்டில்தான். தட்டு சமமாக இருக்காது. நடுவில் தாழ்ந்து, முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்திருக்கும். மலைச்சாலையில் வண்டி ஏறினாலும் இறங்கினாலும் மாவுப் பீப்பாய்கள் உருண்டு கடைசிப் பலகையில் மோதாமல் நடுவிலேயே நிற்கும். இந்த ஒரு வளைவுக்காகவே இதைச் செய்தவர்களைப் பாராட்டலாம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லங்காஸ்டர் வட்டாரத்தில் ஓடும் கானஸ்டோகா ஆற்றின் பெயரே வண்டிக்கும் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானிய உழவர்களும் கைவினைஞர்களும் உருவாக்கியது இது. 1755இல் ஆங்கிலேயத் தளபதி பிராடக்கின் படைக்கு வண்டி தேவைப்பட்டபோது, பெஞ்சமின் பிராங்க்ளின் இந்தப் பகுதி உழவர்களிடமிருந்து இரண்டே வாரத்தில் 150 வண்டிகளைத் திரட்டிக் கொடுத்தார். வண்டிக்கு அங்கே பஞ்சமில்லை.

சட்டத்துக்கு ஓக் மரம், பலகைக்கு எடை குறைந்த பாப்லர். பின் சக்கரம் பெரியது, முன் சக்கரம் சிறியது. இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி, தண்ணீர் ஊற்றி இறுக்குவார்கள். நம் ஊர் மாட்டுவண்டிப் பட்டறையிலும் இதே முறைதான். உடலுக்கு நீலம், சக்கரத்துக்குச் சிவப்பு. அச்சுக்குப் பூசும் தார் வாளி வண்டிக்கு அடியில் தொங்கும்.

நான்கு முதல் ஆறு குதிரைகள் இழுக்கும் இந்த வண்டியில் முன்பக்க இருக்கையே கிடையாது. வண்டிக்காரர் இடப்புறமாக நடப்பார். அல்லது இடப்பக்கப் பின்குதிரை மேல் ஏறிக்கொள்வார். கால் வலித்தால், பக்கவாட்டில் இழுத்துவிடும் ஒரு பலகையில் உட்காரலாம். அங்கிருந்து தடைக் கம்பு கைக்கு எட்டும். குதிரைகளின் சேணத்துக்கு மேல் மணி வரிசை. சேற்றில் சிக்கி இன்னொருவர் உதவியால் மீண்டால் அந்த மணிகளை அவருக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். மணி ஒலிக்க ஊர் வந்து சேர்வது வண்டிக்காரருக்குப் பெருமை என்பதால் அந்த இழப்பு லேசானதல்ல.

பிலடெல்பியாவுக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் இடையே சரக்கு ஏற்றி வந்த இந்த வண்டிகளை 1850களில் ரயில் ஓரங்கட்டியது. மேற்கே ஆரிகன் வரை குடியேறிகள் போன வண்டி பெரும்பாலும் இதுவல்ல. அத்தனை தொலைவுக்கு இது மிகவும் கனம். அவர்கள் சிறிய, எடை குறைந்த கூண்டு வண்டிகளையே ஓட்டிச் சென்றார்கள். அவற்றைப் பெரும்பாலும் இழுத்தவை எருதுகள்.