மண்ணுக்கடியில் ஒரு மரக்கூட்டம்

ஆம்ஸ்டர்டாமை ‘வடக்கின் வெனிஸ்’ என்பார்கள். கால்வாயையும் படகையும் பார்த்துச் சொல்வது அது. உண்மையான ஒற்றுமை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது: இரண்டு ஊருமே சேற்றில் அடித்து இறக்கிய மரக்கம்பங்களின் மேல் நிற்கின்றன. 1591-ல் கட்டி முடித்த வெனிஸின் ரியால்டோ பாலத்துக்குக் கீழே சுமார் 12,000 கம்பங்கள். ஆம்ஸ்டர்டாம் அரண்மனைக்குக் கீழே 13,659. வருஷத்தின் 365-க்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்பது என்று அந்த ஊர்க்காரர்கள் மனப்பாடம் செய்யும் கணக்கு. தண்ணீரில் கிடக்கும் மரம் மக்காதா? மக்கவைக்கும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். முழுக்க மூழ்கிய மரத்தில் அதன் ஜம்பம் பலிக்காது. பாக்டீரியா அரிக்கும், ஆனால் மிக மெதுவாக.

வெனிஸின் கம்பங்கள் குட்டையானவை, நெருக்கி அடித்துக் களிமண்ணை இறுக்குபவை. ஆம்ஸ்டர்டாமில் அவை சுமார் 12 மீட்டர் ஆழத்து மணலைத் தொடுபவை, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று பொறியாளர்கள் கேட்கலாம். நியாயந்தான். ஆனால் ஆபத்து வரும் வழியைப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் நிலத்தடி நீர் இறங்கினால் கம்பத்தின் தலை காற்றுப்பட்டு மக்குகிறது. வெனிஸிலோ, பக்கத்து மார்கெரா ஆலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் ஊரே தாழ்ந்தது. 1970-களில் அந்த உறிஞ்சலைக் கட்டுப்படுத்திய பிறகே அந்தத் தாழ்வு அடங்கியது.